கணக்கில் வராத பனி

1

2021 செப்டம்பர் 7ஆம் தேதி ஜப்பானின் கோஃபு நகர வானிலை அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃபுஜி மலையின் உச்சி அந்தப் பருவத்தில் முதல்முறையாக வெள்ளையாகத் தெரிகிறது என்பதுதான் சேதி. கொஞ்ச நாள் கழித்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏன், பனி விழவில்லையா? விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள், படமும் இருக்கிறது. சிக்கல் விதியில். ஓர் ஆண்டில் உச்சியின் நாள் சராசரி வெப்பநிலை எந்த நாளில் மிக அதிகமோ, அந்த நாளுக்குப் பிறகு தெரியும் பனியைத்தான் ‘முதல் பனிமுடி’ என்று பதிவுசெய்ய வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று உச்சியின் சராசரி 10.3 டிகிரியைத் தொட்டு, அதுவரை முதலிடத்தில் இருந்த ஆகஸ்ட் 4ஐ முந்திவிட்டது. ஆக, செப்டம்பர் 7இல் விழுந்தது போன பருவத்தின் கடைசிப் பனியாக மாறிப்போனது. செப்டம்பர் 26இல் மறுபடி வெள்ளை தெரிந்தது. ஏட்டில் இருப்பது அந்தத் தேதிதான்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். விழுந்த பனியை எப்படிய்யா விழாத பனியாக்குவது? ஆனால் இன்னொரு விதி இதைவிட முக்கியம். பனியைக் கோஃபு அலுவலகத்திலிருந்து ஒருவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கோஃபு மலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உச்சியில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடந்தாலும் நடுவில் மேகம் நின்றுவிட்டால் அன்றைக்குப் பனிமுடி கிடையாது. மேலே இருப்பவருக்கு விரல் விறைத்துப்போகும். கீழே இருப்பவரின் ஏட்டில் ஒன்றுமே நடந்திருக்காது.

இந்தக் கணக்கு 1894இல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதே உச்சியில் ஒரு மரக்குடிலுக்குள் உட்கார்ந்து, இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆணின் பெயர் உடனே ஊரெல்லாம் பரவியது. பெண்ணின் பெயர் அவனுக்குப் பின்னால், ‘மனைவி’ என்ற அடைமொழியோடு வந்தது. எழுபத்தைந்து வருஷம் கழித்து ஒரு நாவலாசிரியர் அந்த வரிசையை மாற்ற முயன்றார். நித்தா ஜிரோவின் ‘ஃபுயோ நோ ஹித்தோ’ (1971) பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபுஜியைப் பற்றிய கலை பெரும்பாலும் கீழிருந்து பார்த்த கலை. ஹொகுசாயின் ‘ஃபுஜியின் முப்பத்தாறு காட்சிகள்’ வரிசையில் ஒரு படம் உண்டு: உச்சி வெயிலில் அமைதியாக நிற்கிறது, மலையின் அடிவாரம் கருத்து, அதில் மின்னல் கிழிக்கிறது. மலையின் வானிலை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததில்லை. ஆனால் அந்தக் காட்சியை மலைமேல் நிற்கும் யாரும் பார்க்க முடியாது, அடிவாரத்தில் நனைபவரும் பார்க்க முடியாது. தள்ளி நிற்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற காட்சி அது.

தஸாய் ஒசாமுவின் ‘ஃபுஜியின் நூறு காட்சிகள்’ (1939) இன்னும் நல்ல உதாரணம். மிஸாகா கணவாயின் தேநீர்க் கடை மாடியில் தங்கியிருக்கும் எழுத்தாளர், எதிரே நிற்கும் ஃபுஜியைக் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது என்கிற தோரணையில் கிண்டலடித்துக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் காலை கடைப் பெண் அவரைக் கூப்பிட்டு, உச்சியில் பனி விழுந்திருப்பதைக் காட்டுகிறாள். கிண்டல் கொஞ்சம் அடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. முதல் பனி ஒரு மனிதனின் அலட்சியத்தை உடைக்கிறது. தஸாயின் அக்கறை எல்லாம் பார்க்கிறவனின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான். பனி அங்கே ஒரு செய்தி. தொலைவிலிருந்து வந்து சேர்கிற கடிதம் மாதிரி.

நமக்கும் இது பழக்கமான பார்வைதான். தமிழில் ‘பனி’ என்றால் பெரும்பாலும் மார்கழிக் காலையில் புல்லில் இருப்பது, காதுக்கு மஃப்ளர் கட்டவைப்பது. அது பாதத்தை நனைக்கும், ஆளைக் கொல்லாது. அதனால் வெண்பனி பற்றி வாசிக்கும்போது நாம் தானாகவே அஞ்சலட்டைக்குப் போய்விடுகிறோம். நித்தா அந்த அஞ்சலட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார். மறுபக்கத்தில் படம் இல்லை, கையெழுத்து இருக்கிறது: நேரம், அழுத்தம், வெப்பம், காற்றின் திசை.

3

கதை உண்மைச் சம்பவம். ஒரு சின்ன ஏற்பாடு: நாவலின் பாத்திரத்தை ‘அவள்’ என்றும், 1895இல் வாழ்ந்தவரை ‘அவர்’ என்றும் எழுதுகிறேன். இது ஏன் தேவைப்படுகிறது என்பது பின்னால் தெரியும்.

நோனாகா இத்தாரு 1867இல் பிறந்தவர். மேல்வானம் பற்றித் தெரியாமல் வானிலையைக் கணிக்க முடியாது என்று நம்பியவர். அந்தக் காலத்தில் கருவியைப் பலூனில் கட்டி அனுப்பி, வானொலி வழியாக அளவு பெறுகிற வசதி கிடையாது. உயரத்தில் இருக்கும் காற்றைத் தொடர்ந்து அளக்க ஒரே வழி, உயரமான மலையில் ஆளை உட்காரவைப்பது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல், ஆஸ்திரியாவின் ஸோன்பிளிக் உச்சியில் 1886 முதல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிடம் 3776 மீட்டரில் ஃபுஜி இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் அதன்மேல் யாரும் தங்கியதில்லை. நோனாகா 1895 பிப்ரவரியில் தனியாக ஏறி, குளிர்காலத்தில் உச்சியைத் தொட முடியும் என்று காட்டினார். கோடையில் சொந்தப் பணம் போட்டு உச்சியில் சுமார் இருபது சதுர மீட்டரில் ஒரு குடிலைக் கட்டினார். அக்டோபர் 1 அன்று பதிவுகள் தொடங்கின.

அக்டோபர் 1 என்ற தேதியைக் கவனியுங்கள். கீழே நெல் அறுவடை, மேப்பிள் இன்னும் சிவக்கவில்லை. மேலே கோடை முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன. ஃபுஜி உச்சியின் ஆண்டு சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 6 டிகிரி. மாத சராசரி பூஜ்யத்துக்கு மேலே இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதம். அக்டோபரில் அது கீழே இறங்கிவிடும். அதுவும் ஒழுங்காக இறங்காது. ஒருநாள் வெயில், மறுநாள் பனிப்புயல், அதற்கடுத்த நாள் மழை, விழுந்த பனி பாதி கரைந்து இரவில் கண்ணாடியாக இறுகும். பக்கத்தில் தடுக்க வேறு மலை இல்லாமல் தனியாக நிற்பதால் காற்று எந்தப் பக்கமிருந்தும் நேராக வந்து மோதும். ஜப்பானின் நிலையங்களில் பதிவான மிக வலுவான காற்றுவீச்சு இந்த உச்சியில்தான்: நொடிக்கு 91 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 327 கிலோமீட்டர். அது நட்ட நடுக் குளிர்காலத்தில் வந்ததில்லை. 1966 செப்டம்பர் 25இல், ஒரு புயலோடு வந்தது. இலையுதிர்காலத்தின் ஆரம்பம் அழகான பருவம் என்பதெல்லாம் கீழே இருப்பவர்களுக்கு.

இப்போது நாவலின் மையத்துக்கு வருவோம். அது ஒரு கூட்டல் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்குப் பன்னிரண்டு. குளிர்காலம் முழுக்க என்றால் மாதக்கணக்கில். ஒரே ஆள். அவன் எப்போ தூங்குவான்?

இதை நாவலில் கேட்பவள் சியோகோ. வயது இருபத்து நான்கு, கைக்குழந்தைக்காரி. கணவன் அறிவியல் பேசுகிறான், நாடு பேசுகிறான், கருவிகளைப் பற்றி நிபுணர்களோடு விவாதிக்கிறான். அந்த அறிவாளிகள் யாருக்கும் தோன்றாத கேள்வி, வீட்டில் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் குழந்தைக்கு எழுந்த ஒருத்திக்குத் தோன்றுகிறது. அவன் திட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையின் அளவு சரியாக ஒரு மனிதர். யாரிடமும் சொல்லாமல் தயாராகிறாள். குளிருக்கான உடை தைக்கிறாள், நடந்து நடந்து காலைப் பழக்குகிறாள். மாமியாரின் எதிர்ப்பு இருக்கிறது. குழந்தையை ஃபுகுவோகாவில் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டு, அக்டோபர் 12 அன்று உச்சிக்கு வந்து சேர்கிறாள். பெண்கள் ஃபுஜியில் ஏறக் கூடாது என்ற தடை அதிகாரபூர்வமாக நீங்கியது 1872இல்தான். இடையில் ஓடியது வெறும் இருபத்து மூன்று வருஷம்.

இத்தாருவுக்கு அவள் வந்ததில் சந்தோஷம் இல்லை. இது நாவலின் நல்ல முடிவுகளில் ஒன்று. அவன் வில்லன் கிடையாது, கொடுமைக்காரனும் கிடையாது. தன் திட்டத்துக்குள் இன்னொருவருக்கு இடம் ஒதுக்கத் தெரியாத ஒரு நல்ல மனிதன். அப்படிப்பட்டவர்களை நமக்கெல்லாம் தெரியும். அவன் மெல்ல மெல்ல, உடம்பு விழ விழ, அவள் கையில் ஏட்டைக் கொடுக்கிறான். கொடுப்பது அன்பாலா, வேறு வழியில்லாமலா என்பதை நித்தா கடைசிவரை பிரித்துச் சொல்வதில்லை.

4

இந்த நாவலை ‘தியாகக் கதை’ என்று ஒரு வரியில் சுருக்கிவிட முடியாமல் தடுப்பது அதன் வானிலைதான். நித்தா வானிலையை எப்படி எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.

சாதாரணமாக நாவல்களில் வானிலை பாத்திரத்தின் மனநிலைக்கு ஊழியம் பார்க்கும். அழுதால் மழை, கோபம் வந்தால் இடி. நித்தாவிடம் அது நடக்காது. அவருடைய காற்று யாருடைய மனநிலைக்காகவும் வீசுவதில்லை. உறைமூட்டம் கருவிமேல் படிந்து, காற்று வரும் திசையை நோக்கியே வளர்கிறது; காற்றுமானியின் கிண்ணங்களைப் பிடித்து நிறுத்துகிறது. காற்றை அளக்க வேண்டிய பொருளை அந்தக் காற்று கொண்டுவந்த பனியே கட்டிப்போடுகிறது. யாராவது வெளியே போய் அதைத் தட்டி உடைக்க வேண்டும். கதவு உறைந்துபோனால் முதலில் கதவை உடைக்க வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குதான், தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது. வேகாத சோறு, காய்கறி இல்லாத சாப்பாடு, துண்டுத் துண்டாகத் தூக்கம். உடம்பு வீங்கத் தொடங்குகிறது. நித்தா இந்த இடங்களில் உரிச்சொல்லே போடுவதில்லை. காரணம், விளைவு, அடுத்த பதிவுக்கான நேரம். வாசிக்கிற நமக்குக் கொஞ்ச நேரத்தில் மணி பார்க்கிற வியாதி தொற்றிக்கொள்கிறது. அடுத்த பத்தியில் என்ன உணர்ச்சி வரும் என்று காத்திருப்பதில்லை. ‘அய்யோ, பத்து மணிப் பதிவு?’ என்று பதறுகிறோம். இதை ஒரு நாவலாசிரியரின் பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். வேலையின் தாளத்தை வாசகரின் உடம்புக்குள் ஏற்றுவது எல்லோருக்கும் வாய்க்காது.

அவருக்கு ஏன் வாய்த்தது என்பதற்கு விடை வாழ்க்கையில் இருக்கிறது. நித்தா ஜிரோ என்பது புனைபெயர். இயற்பெயர் ஃபுஜிவாரா ஹிரோத்தோ. 1932இல் மத்திய வானிலை நிலையத்தில் சேர்ந்தார். அதே 1932இல்தான் இரண்டாவது சர்வதேசத் துருவ ஆண்டையொட்டி ஃபுஜி உச்சியில் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கி அளக்கும் பணி தொடங்கியது. நோனாகாவின் கனவு அரசு வேலையாக மாறியபோது அந்த வேலைக்கு மலையேறியவர்களில் நித்தாவும் ஒருவர். பிறகு 1964இல் உச்சியில் வானிலை ரேடார் கட்டப்பட்டபோது அந்தத் திட்டத்தின் முக்கியப் பொறுப்பில் இருந்தார். ஐந்தாயிரம் பேர் அளவுக்குப் பலிகொண்ட 1959இன் இஸே வளைகுடாப் புயலுக்குப் பிறகு, புயலை முன்கூட்டியே பார்க்க நாடு தவித்த காலம் அது. அந்த அனுபவத்தை 1967இல் ‘ஃபுஜி சாஞ்சோ’ என்ற நாவலாக்கினார். பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், அதிகாரிகள், ஹெலிகாப்டர். கிட்டத்தட்ட முழுக்க ஆண்களின் உலகம். அது சினிமாவாகவும் வந்தது.

நான்கு வருஷம் கழித்து அதே உச்சிக்குத் திரும்பி வந்தவர், இந்தமுறை பார்த்தது ஒரு பெண்ணை. இடையில் என்ன ஆனது? ஆதாரத்தோடு சொல்ல முடியாத ஊகங்களில் இறங்காமல், தெரிந்த ஓர் உண்மையை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். நித்தாவின் மனைவி ஃபுஜிவாரா தே. போர் முடிந்தபோது குடும்பம் மஞ்சூரியாவில் இருந்தது. கணவர் சோவியத் படையிடம் சிக்கினார். தே மூன்று சின்னக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கொரியாவின் 38ஆவது இணைகோட்டைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தார். அதை 1949இல் புத்தகமாக எழுதினார். அது பெரும் விற்பனை கண்டது. மனைவியின் அந்த வெற்றியைப் பார்த்துத்தான் வானிலை அலுவலர் பேனாவை எடுத்தார். (அந்தக் குழந்தைகளில் ஒருவரான மசாஹிகோ பின்னாளில் கணிதப் பேராசிரியரானார், ராமானுஜனைத் தேடி நம்முடைய கும்பகோணம்வரை வந்து எழுதியவர்.) மனைவியின் புத்தகத்தால் எழுத்தாளரான ஒருவர், கணவனின் பெயருக்குள் மறைந்துபோன ஒரு மனைவியின் உழைப்பைப் பற்றி நாவல் எழுதுகிறார். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

5

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்போது சண்டைக்கு வருகிறேன்.

நாவலின் தலைப்பு அருமையானது. ‘ஃபுயோ’ என்பது தாமரைக்குப் பழைய சொல். எரிமலை வாயைச் சுற்றியுள்ள சிகரங்கள் இதழ்கள் மாதிரி இருப்பதால் ஃபுஜிக்குத் தாமரைச் சிகரம் என்றும் பெயர். ‘ஹித்தோ’ என்றால் மனிதர். ஆண், பெண் பேதம் இல்லாத சொல். தாமரைச் சிகரத்தின் மனிதர். மனைவி என்றோ பெண் என்றோ தலைப்பில் இல்லை. அந்த மலைக்கு உரிய ஓர் ஆள், அவ்வளவுதான். 2014இல் என்ஹெச்கே இதைத் தொடர் நாடகமாக எடுத்தபோது தலைப்போடு ‘ஃபுஜி உச்சியின் மனைவி’ என்று ஒரு வால் ஒட்டினார்கள். நித்தா கவனமாகத் தவிர்த்ததைத் தொலைக்காட்சி ஒரே சொல்லில் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் பழியை முழுக்கத் தொலைக்காட்சிமேல் போட்டுவிட முடியாது. அந்த வால் ஒட்டுவதற்கான பசை நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நித்தாவின் சியோகோ ரொம்ப நல்லவள். தைரியசாலி, பொறுமைசாலி, புத்திசாலி. கணவன்மேல் எரிச்சல் வர அவளுக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. வேகாத சோற்றைத் தின்று, தொண்டை வீங்கி, ஒரு குழந்தையைப் பிரிந்து, வராதே என்று நினைத்த ஒருவனுக்கு இரவெல்லாம் விழித்துப் பதிவு எழுதுகிறாள். அவளுக்குக் கோபமே வராதா? வருகிறது, ஆனால் உடனே அன்பாகக் கரைந்துவிடுகிறது, அக்டோபர் முதல் வாரத்துப் பனி மாதிரி. காற்றை யாருக்கும் ஊழியம் பார்க்க விடாத எழுத்தாளர், பெண்ணின் மனத்தை மட்டும் கதையின் நன்மைக்கு ஊழியம் பார்க்க அனுப்பிவிடுகிறார்.

இன்னொரு கேள்வி. அவள் மேலே போனது கணவனுக்காகவா, அளவீட்டுக்காகவா? நாவல் தொடக்கத்தில் கணவனுக்காக என்கிறது. போகப் போக, அவன் படுத்துவிட்ட பிறகு, எண்கள் விடுபடக் கூடாது என்பதே அவளை எழுப்புகிறது. அந்த இடங்களில் அவள் மனைவி என்பது பின்னால் போய், பதிவாளர் என்பது முன்னால் வருகிறது. எனக்கு நாவலில் மிக உயிருள்ள பகுதி இதுதான். ஆனால் நித்தா அங்கே போதுமான நேரம் நிற்பதில்லை. ஒரு வேலை, அது முதலில் யாருடையதாக இருந்தாலும், செய்யச் செய்யச் செய்பவருடையதாக மாறுகிற தருணம் அது. உச்சியில் பணிபுரிந்த அவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. இருந்தும் மறுபடி அவளைக் கணவனின் படுக்கையருகே கூட்டிவந்து உட்காரவைத்துவிடுகிறார்.

குழந்தை விஷயத்திலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இன்றைய வாசகர்கள் சிலர், ‘குழந்தையை விட்டுட்டுப் போனாளே’ என்று ஒரு பக்கமும், ‘அவள் சுதந்திரமான பெண்’ என்று இன்னொரு பக்கமும் கட்சி கட்டுவார்கள். இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்பு. இத்தாருவும் அந்தக் குழந்தையை விட்டுவிட்டுத்தான் போனான். அவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாவல் இந்தச் சமனின்மையைத் தொட்டுவிட்டு, பாட்டி தாத்தா பார்த்துக்கொள்வார்கள் என்று நகர்ந்துவிடுகிறது. அங்கே நின்றிருந்தால் இதைவிடக் கரடுமுரடான, இதைவிடப் பெரிய நாவல் கிடைத்திருக்கும்.

ஒப்பிட வேண்டுமானால் அதே 1971இல் வெளிவந்த அவருடைய இன்னொரு நாவலைச் சொல்லலாம். 1902இல் ஹக்கோதா மலையில் குளிர்காலப் பயிற்சிக்குப் போன 210 படைவீரர்களில் 199 பேர் பனியில் செத்தார்கள். அதைப் பற்றிய நாவலில் நித்தா கருணையே காட்டுவதில்லை. யார் முட்டாள்தனமாகக் கட்டளையிட்டது, யார் பேச்சைக் கேட்கவில்லை என்று நேராக விரல் நீட்டுகிறார். ஆண்களின் பிழையை எழுதும்போது அவ்வளவு கறாராக இருந்த கை, ஒரு பெண்ணின் சிறப்பை எழுதும்போது இளகிப்போகிறது. இளகிய மரியாதையும் ஒருவகையில் தள்ளிவைப்பதுதான். சியோகோவைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார், ஹொகுசாயும் தஸாயும் மலையைப் பார்த்த மாதிரி.

முன்னால் சொன்ன அவள், அவர் பிரச்சினை இங்கேதான் வருகிறது. தமிழில் ஒரு நாவல் பாத்திரத்தை ‘அவள்’ என்று எழுதினால் நெருக்கம் கிடைக்கிறது, மரியாதை குறைகிறது. ‘அவர்’ என்றால் மரியாதை கிடைக்கிறது, உடம்பு மறைந்துவிடுகிறது. நித்தாவின் சிக்கலும் ஏறத்தாழ இதுதான். மலையின் பக்கங்களில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்; வீட்டின் பக்கங்களில் மரியாதை கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

6

டிசம்பரில் மேலே வந்து பார்த்தவர்கள் வழியாக இருவரின் நிலை கீழே தெரிந்தது. டிசம்பர் 22 அன்று மத்திய வானிலை நிலையத்தின் வாதா யூஜியும் மற்றவர்களும் ஏறிப்போய் அவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள். அவர் இருந்தது 82 நாள். அவருடைய மனைவி இருந்தது 70 நாளுக்குக் கொஞ்சம் மேல். குளிர்காலத்தை முழுதாக முடிக்கவில்லை. கறாராகப் பார்த்தால் திட்டம் தோல்வி.

சீனாவோடு நடந்த போரில் ஜெயித்துவந்த சூட்டில் இருந்த நாட்டுக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். கிடைத்தான். 1896இலேயே கவிஞர் ஓச்சியாய் நவோபுமி இந்தச் சம்பவத்தைப் புத்தகமாக எழுதினார். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் இன்னொன்றும் வெளிவந்தது. ‘ஃபுயோ நிக்கி’, தாமரைச் சிகர நாட்குறிப்பு. ஹோச்சி நாளிதழில் வந்த அதை எழுதியவர் நோனாகா சியோகோ.

இதை நான் முதலிலேயே சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. நித்தாதான் சியோகோவை இருட்டிலிருந்து மீட்டார் என்று ஒரு வழக்கமான பேச்சு உண்டு. ஆனால் அந்தப் பெண் மீட்கப்படக் காத்திருக்கவில்லை. இறங்கி வந்த அடுத்த மாதமே தன் கதையைத் தானே எழுதிவிட்டார். பார்க்க வேண்டியவர்கள் பக்கம் மேகம் நின்றதுதான் பிரச்சினை. நித்தாவின் நாவல் செய்தது மேகத்தைக் கொஞ்சம் விலக்கியது. அது சின்ன வேலை கிடையாது, ஆனால் பனி முன்பே அங்கே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த நாட்குறிப்பின் பெயரிலிருந்தே தன் நாவலின் தலைப்பில் பாதியை அவர் எடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

2004இல் ஃபுஜி உச்சி நிலையத்திலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இப்போது வெப்பநிலையைக் கருவியே அனுப்புகிறது. ஆனால் பனிமுடியை மட்டும் இன்னும் கீழிருந்து மனிதக் கண்தான் பார்க்கிறது. 2024இல் அது நவம்பர் 7ஆம் தேதிவரை தெரியவில்லை; 1894இல் கணக்கு தொடங்கியதிலிருந்து இவ்வளவு தாமதம் இல்லை. சராசரித் தேதி அக்டோபர் 2. உலகம் சூடாகிக்கொண்டிருக்கும்போது இந்தத் தேதியைப் பார்த்து வயிற்றைக் கலக்காதவர் யார்? இன்னொரு விஷயமும் அப்போது நடந்தது. மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் ஃபுஜியோஷிதா நகராட்சி தன் சொந்தக் கணக்குப்படி முந்தின நாளே, நவம்பர் 6இலேயே, உச்சி வெளுத்துவிட்டது என்று அறிவித்திருந்தது. அன்றைக்குக் கோஃபு பக்கம் மேகம்.

விமர்சனம் என்பதும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு ‘இன்னும் ஒன்றும் விழவில்லை’ என்று எழுதிவைப்பது சுலபம். கொஞ்சம் நகர்ந்து நின்றால் நேற்றே விழுந்தது தெரியும். நித்தாவை வாசியுங்கள், சண்டை போட்டபடியே வாசியுங்கள். காற்றுமானியிலிருந்து பனியைத் தட்டுகிற பக்கங்களுக்காக மட்டுமாவது வாசியுங்கள்.

சியோகோ 1923இல் இறந்தார். நோனாகா இத்தாரு 1955வரை இருந்தார். தன் குடில் நின்ற உச்சியில் அரசாங்க நிலையம் வந்ததைப் பார்த்தார். பின்னாளில் அவருக்கு அரசுக் கௌரவம் தரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அது தன் ஒருவனின் வேலை இல்லை, கொடுப்பதானால் சியோகோவுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார் என்று ஒரு செய்தி உண்டு. அக்டோபர் 12 அன்று வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துச் சந்தோஷப்படாத அதே மனிதர்தான்.